கடல் காலியாக இருந்த செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

நீங்கள் எல்லோரும் சேர்ந்து எழுதிய கடிதம் கிடைத்தது. பழைய ரன்டைமிலேயே இருப்பதா, புதியதற்கு மாறுவதா, சார் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஓய்வு பெற்றவனிடம் யோசனை கேட்பதில் ஒரு வசதி உண்டு. பிடித்திருந்தால் "சாரே சொல்லிட்டாரு" என்று எம்.டி.யிடம் போய் நிற்கலாம். பிடிக்காவிட்டால் "அவரு காலம் வேற" என்று மடித்து வைத்துவிடலாம். உங்கள் வயதில் நானும் இதைத்தான் செய்தேன், அதனால் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

நான் எழுதுவதை எல்லாம் என் மனைவியும் வாங்கிப் படிப்பாள் என்பதால் ஒன்றை மட்டும் விளக்கிவிடுகிறேன். நாம் ஜாவாஸ்கிரிப்டில் எழுதி வைப்பதை சர்வரில் உட்கார்ந்து ஓட்டுகிற என்ஜினுக்குத்தான் ரன்டைம் என்று பெயர். ஒன்று வெகு காலமாக ஓடுகிறது. இன்னொன்று புதிதாக வந்திருக்கிறது, வேகம் அதிகம் என்கிறார்கள். இரண்டின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களில் பாதிப் பேர் இத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டு மீதிப் பேரோடு சண்டைக்குப் போய்விடுவீர்கள். கோவில் திருவிழாவில் முதல் மரியாதைக்கு நடக்கிற சண்டையைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதைவிட மோசமாக இரண்டு பேர் அடித்துக்கொள்வதை நம் அலுவலக வாட்ஸ்அப் குழுவில்தான் பார்த்தேன்.

நம் கம்பெனி என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இராமநாதபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, இராமேஸ்வரம் தீவில் கடலுக்குப் போகிறவர்களின் போனுக்குக் காற்று எச்சரிக்கை அனுப்புகிறோம். வானிலை அறிவிப்பு வந்தவுடன் சர்வர் எல்லோருக்கும் தானாகப் போன் போட்டு, பதிவு செய்த குரலைக் கேட்கவைக்கும். காசு கொடுப்பது விசைப்படகுக்காரர்களின் சங்கம். நாட்டுப்படகு, அதாவது அவர்கள் வாயில் வள்ளம், அந்த ஆட்களுக்கு இலவசம். ஏன் இலவசம் என்றால், வெப்சைட்டில் "சமூகப் பொறுப்பு" என்று ஒரு பக்கம் காலியாக இருந்தது.

ஆரம்பத்தில் அந்தக் குரலுக்குச் சென்னையிலிருந்து ஒரு அம்மாவைப் பிடித்தோம். செய்தி வாசிப்பவர் மாதிரி சுத்தமான உச்சரிப்பு. "அன்பார்ந்த மீனவர்களே" என்று தொடங்குவார். அந்த முதல் வார்த்தையிலேயே எல்லோரும் போனை வைத்துவிட்டார்கள். பேங்கிலிருந்து லோன் வேண்டுமா என்று கேட்கிறார்கள் என நினைத்தார்களாம். பிறகுதான் எங்கள் அலுவலகத்தில் போன் அழைப்புகளைக் கவனித்துக்கொண்டிருந்த சகாயமேரியைப் பேசச் சொன்னோம். அவருக்கு ஊர் தீவில் இருக்கிற அக்காள்மடம். தினமும் பஸ் ஏறிப் பாலம் தாண்டி வருவார். மைக்கை வைத்ததும் கரையில் நின்று கூப்பிடுகிற மாதிரி ஒரே சத்தம் போட்டார்: "ஏலே, காத்து பிடிக்கப் போகுது! வலைய விட்டுட்டு கரைக்கு வாங்கடா!" எம்.டி.க்கு "ஏலே"வும் "வாங்கடா"வும் பிடிக்கவில்லை. மரியாதையாக இன்னொரு தடவை பேசச் சொன்னார். சகாயம், "மரியாதையாச் சொன்னா ஒருத்தனும் வர மாட்டான் சார்" என்றார். அது அப்படியே போனது. அன்றிலிருந்து யாரும் போனை வைக்கவில்லை.

இனி பிரவீன் கதைக்கு வருகிறேன். இன்று நீங்கள் பழையது என்கிறீர்களே, அது புதியதாக இருந்த காலம். நல்ல பையன், மூளைக்காரன். பெங்களூரில் மூன்று வருடம் இருந்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊர் திரும்பி நம்மிடம் சேர்ந்தான். வந்த முதல் மாதமே புதிய ரன்டைமுக்கு மாற வேண்டும் என்றான். ஒரு படம் காட்டினான். அதில் புதியதன் கோடு கூரையைத் தொட்டது, பழையதன் கோடு தரையில் கிடந்தது. ஒரு நொடியில் எத்தனை ஆயிரம் அழைப்புகளைத் தாங்கும் என்று கணக்குச் சொன்னான். இந்தத் தீவில் இருக்கிற படகு, வள்ளம், மிதவை, காக்கா எல்லாவற்றுக்கும் ஒரே நொடியில் போன் போட்டாலும் அதில் ஒரு மூலைகூட நிரம்பாது. அதை நான் கேட்டிருக்க வேண்டும். நம் சர்வர் அப்போதே நாள் முழுக்கத் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. தூங்குகிற அதை இன்னும் வேகமாகத் தூங்க வைத்து என்ன ஆகப் போகிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

கேட்கவில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. எனக்கு ஓய்வு பெற அப்போது கொஞ்ச காலமே இருந்தது. வேண்டாம் என்றால், வயசாகிவிட்டது, புதுசு புரியவில்லை என்பார்களோ என்று பயம். எம்.டி.யோ யாரோ ஒருவர் பேசிய கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, அந்தப் புதிய பெயரை நாளுக்கு நான்கு தடவை சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் நானும் தலையை ஆட்டினேன். ஆட்டியது மட்டும் இல்லை, "நாம இதை எப்பவோ பண்ணியிருக்கணும்" என்று வேறு சொன்னேன். இந்த வரியை நீங்கள் யாரிடமிருந்தாவது கேட்டால் அவர் உள்ளுக்குள் பயந்துபோயிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எந்த நாளில் மாற்றுவது என்று ஒரு கூட்டம் போட்டோம். எம்.டி., நான், பிரவீன் மூன்று பேர். மற்ற ஊரில் எல்லாம் ஆள் நடமாட்டம் இல்லாத ராத்திரியில் உட்கார்ந்து மாற்றுவார்கள், நமக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம் என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன். விசைப்படகு கடலுக்குப் போவது வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டும். செவ்வாய்க்கிழமை போகாது. கடல் காலியாக இருக்கும். பட்டப்பகலில், காபி குடித்துக்கொண்டே மாற்றலாம். எம்.டி. என்னைப் பார்த்து, "இதுக்குத்தான் அனுபவம் வேணும்ங்கிறது" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அப்போது சகாயம் புதிதாகப் பதிவு செய்த குரலை ஒப்புதல் வாங்குவதற்காகக் கதவருகில் வந்து நின்றார். நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்கிறது.

"செவ்வாக்கெழமையா சார்?" என்றார்.

"ஆமாம்மா."

"இல்ல சார், செவ்வாக்கெழமைன்னா…"

"இது டெக்னிக்கல் விஷயம்மா, நாங்க பாத்துக்கிறோம்" என்றேன். பிரவீன் சொல்லவில்லை, எம்.டி.யும் சொல்லவில்லை, நான் சொன்னேன். அவர் ஒரு நொடி நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

எனக்கு ஊர் நயினார்கோவில் பக்கம். அப்பா விவசாயி. நெல்லும் மிளகாயும் தெரியும். கடல் என்றால் பாம்பன் பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னலில் தெரிவது, அவ்வளவுதான். பிரவீன் டவுன்காரன். எம்.டி. கடற்கரைக்குப் போனால் ஷூவில் மணல் ஏறிவிடும் என்று காரை விட்டு இறங்க மாட்டார். நாங்கள் மூன்று பேர் சேர்ந்துதான் கடல் எப்போது காலியாக இருக்கும் என்று முடிவு செய்தோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் புதியதற்கு மாறினோம். திரையில் எல்லாம் பச்சை. ஒரு பிழைகூட இல்லை. எம்.டி. கேக் வரவழைத்திருந்தார், அதன் மேல் க்ரீமில் ஒரு ராக்கெட் படம். போட்டோ எடுத்தார்கள். அதில் நான் கத்தியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தப் போட்டோ நம் வெப்சைட்டில் இன்னும் இருக்கிறது, தயவுசெய்து யாராவது எடுத்துவிடுங்கள்.

மதியம் பன்னிரண்டரை வாக்கில், எதிர்பார்க்காத நேரத்தில் காற்று எச்சரிக்கை வந்தது. சர்வர் உடனே போன் போடத் தொடங்கியது. கண்ணை மூடித் திறப்பதற்குள் பட்டியல் முழுவதும் "வெற்றி, வெற்றி, வெற்றி" என்று ஓடியது. பிரவீன் கையைத் தட்டினான். "பாத்தீங்களா சார், பழசா இருந்தா இன்னும் பாதிகூட முடிஞ்சிருக்காது" என்றான். கடல்தான் காலியாயிற்றே, யாருக்கு என்ன அவசரம் என்று எனக்குத் தோன்றவில்லை. நானும் தட்டினேன்.

சகாயம் தன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். சரிபார்ப்பதற்காக அவர் நம்பரையும் பட்டியலில் சேர்த்திருந்தோம். எப்போது எச்சரிக்கை போனாலும் தன் குரலைத் தானே கேட்டுச் சிரித்துக்கொள்வார். அன்று சிரிக்கவில்லை.

"சார், போன் வந்துச்சு. அதுல நான் பேசல சார்."

"என்னம்மா சொல்றீங்க?"

"சத்தமே இல்ல. வெறும் போனு."

பிரவீன் திரையைக் காட்டினான். "அக்கா, வெற்றின்னு வந்திருக்குல்ல. உங்க போன்ல ஸ்பீக்கர் போயிருக்கும்."

நான் அதற்கும் ஒரு படி மேலே போனேன். "போனை ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பாருங்கம்மா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "சார், என் வீட்டுக்காரரு கடல்ல இருக்காரு."

"இன்னைக்கு செவ்வாய்க்கிழமைம்மா, எந்தப் படகும் போகாதே?"

"விசைப்படகு போகாது சார். அது போகாத நாளுலதான் எங்க வள்ளம் போகும். ரெண்டும் ஒரே நாளுல போனா அவுக எங்க வலையை அறுத்துட்டுப் போயிருவாகன்னு நாள் பிரிச்சு விட்டிருக்கு. அக்காள்மடத்துல பாதி ஆம்பளையாளுக நண்டு வலைக்குப் போயிருக்காக. அன்னைக்கு அதைச் சொல்லத்தான சார் வந்தேன்."

மேசையில் ராக்கெட் கேக் பாதி வெட்டியபடி இருந்தது.

நடந்தது என்னவென்று பிறகு தெரிந்தது. பதிவு செய்த குரலைப் போனில் கேட்கிற வடிவத்துக்கு மாற்றித் தருவதற்கு நம்மிடம் ஒரு பழைய துணுக்கு நிரல் இருந்தது. வேறு மொழியில் எழுதியது. எழுதியவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். அதைப் பழைய ரன்டைமுக்கென்றே கட்டியிருந்தார்கள், புதியதில் அது ஓடவில்லை. ஓடவில்லை என்று புதியது பிழைச் செய்தி கொடுத்துக் கத்தத்தான் செய்தது. ஆனால் பிழை எது வந்தாலும் கண்டுகொள்ளாமல் வெற்று ஒலியை அனுப்பி, "வெற்றி" என்று எழுதிக்கொள் என்று ஒரு வரி நம் நிரலில் இருந்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு அவசரத்தில், நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம் என்று அந்த வரியை எழுதியவன் நான். நாங்கள் சோதித்துப் பார்த்ததெல்லாம் அழைப்பு போகிறதா, எவ்வளவு வேகமாகப் போகிறது என்றுதான். போனை எடுத்துக் காதில் வைத்து ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் அந்த நிமிடத்தில் இது எதுவும் தெரியாது. பிரவீன், "பத்து நிமிஷம் குடுங்க, கண்டுபிடிச்சிருவேன்" என்று கீபோர்டில் குனிந்தான். எம்.டி., "வெளிய யாருக்கும் சொல்லாதீங்க, மொதல்ல காரணம் என்னன்னு பாப்போம்" என்றார். நான், பழையதற்கே திரும்பிவிடலாம் என்றேன். நல்லவேளையாகப் பழைய சர்வர் அணையாமல் இருந்தது. யாரும் முன்யோசனையோடு விட்டுவைக்கவில்லை, அணைக்க மறந்திருந்தோம். (அறிக்கையில் இதை "மாற்று ஏற்பாடு" என்று எழுதினோம்.) திரும்பிப் போகவும் எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும். மூன்று பேரும் மூன்று யோசனை சொல்லிக்கொண்டு, மூன்றையும் திரையைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் ஆடத் தொடங்கியிருந்தது.

"அதை அப்பறம் பாருங்க சார்" என்று சகாயம் கத்தினார். "போன எடுங்க!"

கூச்சமாக இருந்தது. போன் போடுவதற்கு என்றே நடக்கிற கம்பெனியில், கையால் போன் போடலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. வள்ளக்காரர்களின் பட்டியலை அச்செடுத்துக் கிழித்துப் பங்கு போட்டோம். பிரவீனைப் பழையதற்குத் திருப்பச் சொல்லிவிட்டு நானும் எம்.டி.யும் நம்பர் போட்டோம். அவர்கள் போகிற தூரம் வரை பெரும்பாலும் சிக்னல் இருக்கும். முதல் ஆள் எடுத்தார்.

"வணக்கம், நான் இராமநாதபுரத்துல இருந்து பேசுறேன்…"

"லோன் வேணாம்யா" என்று வைத்துவிட்டார்.

இரண்டாவது ஆளும் அப்படியே. எம்.டி. இங்கிலீஷும் தமிழும் கலந்து பேசியதற்கு ஒருவர் திட்டிவிட்டு வைத்தார், என்ன திட்டினார் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. சகாயம் போட்ட போனை மட்டும் ஒருவரும் வைக்கவில்லை. அதற்குப் பிறகு வேலை இப்படி நடந்தது: நாங்கள் நம்பர் போட்டுக் கொடுப்போம், அவர் கத்துவார். எம்.டி. ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், இரண்டு பேரும் ஆளுக்கொரு போனை அவர் வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றோம். "ஏலே, காத்து பிடிக்குது! கரைக்கு வாங்கடா!" என்று இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை. "வாறோம் மதினி", "திரும்பிட்டோம்க்கா" என்று பதில் வரும். நான் பேனாவால் பெயரை அடிப்பேன். அவ்வளவு வேகமான சர்வர் பக்கத்து அறையில் சும்மா இருந்தது.

ஒரு பெயர் மட்டும் அடிபடவில்லை. சகாயத்தின் வீட்டுக்காரர் அந்தோணி. எத்தனை தடவை போட்டாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்தது. சகாயம் ஒவ்வொரு ஐந்து பேருக்கும் நடுவில் அந்த நம்பரை ஒரு தடவை போட்டுப் பார்ப்பார், உதட்டைக் கடித்துக்கொள்வார், அடுத்த ஆளுக்குக் கத்துவார். குரல் கம்மிவிட்டது. தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் குடித்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு மணிக்கு அவர் போன் அடித்தது. அந்தோணிதான். பேசியது அறை முழுவதும் கேட்டது, ஏனென்றால் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது.

"ஏய் சகாயம், ஒனக்கு என்னாச்சு?"

"எனக்கு என்ன? நீங்க எங்கன இருக்கீக?"

"வீட்டு வாசல்ல நிக்கிறேன். பூட்டிக் கெடக்கு. ஆபீஸ் போனு வந்துச்சு, ஒன் சத்தத்தைக் காணோம். ஒருநாளும் அப்படி வந்ததில்லையே, ஒனக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சுன்னு வலைய அங்கனயே விட்டுட்டு வந்துட்டேன். திருப்பிப் போடலாம்னா, வர்ற வேகத்துல போனு தண்ணிக்குள்ள விழுந்துருச்சு. இது பக்கத்து வீட்டுப் போனு."

காற்றுக்காக அவர் திரும்பவில்லை. காற்று வருவதே அவருக்குத் தெரியாது. நூறு தடவை கேட்டுப் பழகிய சத்தம் ஒரு தடவை இல்லாமல் போனதும் மனுஷன் வள்ளத்தைத் திருப்பிவிட்டார். சகாயம் போனைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிரவீன் எழுந்து வெளியே போய்விட்டான். எனக்கும் கண் கலங்கியது. தம்பி தங்கைகளே, இத்தனை வருட வேலையில் நான் அவ்வளவு பயந்ததும் இல்லை, என்னை நினைத்து அவ்வளவு அசிங்கப்பட்டதும் இல்லை. அன்று போன எல்லா வள்ளமும் மாலைக்குள் கரை சேர்ந்துவிட்டன. அதற்கும் எங்கள் மூன்று பேரின் திறமைக்கும் சம்பந்தம் இல்லை.

அறிக்கை தயாரானது. "சிறிய ஒலிக் குறைபாடு, பயனர் எவருக்கும் பாதிப்பு இல்லை" என்று எம்.டி. எழுதியிருந்தார். நான் அதை அடித்துவிட்டு, அந்த ஒரு வரியை எழுதியவன் நான், செவ்வாய்க்கிழமையைப் பற்றிச் சொல்ல வந்தவரின் வாயை அடைத்தவனும் நான் என்று எழுதிக் கொடுத்தேன். வீரம் ஒன்றும் இல்லை, ஓய்வு பெறப் போகிறவனை என்ன செய்துவிடுவார்கள் என்ற தைரியம்தான். அறிக்கையைச் சகாயத்திடம் காட்டினேன். படித்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கு சார், அடுத்த தடவை முழுசாக் கேளுங்க" என்றார்.

அடுத்த தடவை என்று ஒன்று வந்தது. பிரவீன் விடவில்லை. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பழையதைக் கும்பிட்டுக்கொண்டு உட்காருவதற்காக இதை எழுதவில்லை, அந்தத் துணுக்கு நிரலை இன்னும் எத்தனை நாள் யாரும் தொடாமல் வைத்திருக்க முடியும்? பிரவீன் அதைப் புதிதாக எழுதினான். என் வரியை எடுத்து எறிந்தான், எறியும்போது கொஞ்சம் சந்தோஷமாகத்தான் எறிந்தான். பல மாதம் ஆனது. பிறகு நாள் குறிக்கக் கூடினோம், இந்த முறை நான்கு நாற்காலி. எந்த நாள் என்று சகாயத்திடம் கேட்டோம்.

"பாம்பன்ல புயல் கூண்டு ஏத்துற அன்னைக்குப் பண்ணுங்க சார். அன்னைக்குத்தான் பெருசும் போகாது, சிறுசும் போகாது. எல்லாரும் வீட்டுல கெடப்பாக."

எங்களுக்கு அது தோன்றியதே இல்லை. புயல் நாளில் கைவைக்காதே என்றுதான் எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறது. அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் எங்கே இருந்து எழுதினார்களோ.

கூண்டு ஏற்றிய அன்று மாற்றினோம். கேக் கிடையாது. முதல் அழைப்பை அக்காள்மடத்தில் வீட்டில் படுத்துக் கிடந்த அந்தோணிக்குப் போட்டோம். முடிந்ததும் பிரவீன் அவரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, கேட்டீங்களா? எப்படி இருக்கு? ஏதாச்சும் வித்தியாசம் தெரியுதா?"

"என்ன வித்தியாசம்? ஒண்ணுமில்லையே தம்பி. முன்ன மாதிரியேதான் கத்துறா."

பிரவீனின் முகம் வாடிப்போனது. சகாயம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் எழுந்து போய்ப் பழைய சர்வரை அணைத்தேன்.